டிகான்டர்: காரீயக் கிறிஸ்டலா, காரீயமில்லாததா, வெறும் கண்ணாடியா?

டிகான்டர் என்பது பாட்டிலிலிருந்து வைனை மாற்றி ஊற்றிப் பரிமாறும் குடுவை. கடையில் நாலைந்து வைன் டிகான்டர்கள் வரிசையாக இருந்தால் கை முதலில் போவது கனமானதன் மேல்தான். விளக்கு வெளிச்சம் பட்டால் வெட்டு வேலைப்பாடு வண்ணவண்ணமாக மின்னும். விரலால் சுண்டினால் மணிபோல நின்று ஒலிக்கும். அது காரீயக் கிறிஸ்டல். 1674-இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற கண்ணாடியின் வழிவந்தது. ஐரோப்பிய விதிப்படி, குறைந்தது 24 சதவீதம் காரீய ஆக்சைடு இருந்தால்தான் 'லெட் கிறிஸ்டல்' என்று விற்கலாம்.

நம் வீட்டு ஈயச் சொம்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரசச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம், நஞ்சு. வைனின் புளிப்புக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இத்தகைய டிகான்டர்களில் நான்கு மாதம் வைத்த போர்ட் வைனில் லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராமுக்கும் மேல் காரீயம் ஏறியிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 10. மாலையில் ஊற்றி இரவே காலி செய்தால் இறங்குவது மிகக் குறைவு. ஆனாலும் புதிதாக வாங்குபவரை இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அலமாரியில் அழகாக இருக்கட்டும். அதில் எதையும் ஊற்றிச் சேமித்து மட்டும் வைக்காதீர்கள்.

காரீயமில்லாக் கிறிஸ்டலில் காரீயத்துக்குப் பதில் பேரியம், துத்தநாகம், டைட்டானியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சேர்க்கிறார்கள். பளபளப்பு கிட்டத்தட்ட அதே அளவு, பயம் இல்லை. ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியிலும் டிகான்டர் வருகிறது. சூட்டைத் தாங்குவது அதன் பலம், ஆனால் வைனை யாரும் சூடுபண்ணப் போவதில்லையே! சாதாரணக் கண்ணாடி விலை குறைவு, சுவையிலும் எந்தக் குறையும் வராது. பணம் கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் காரீயமில்லாக் கிறிஸ்டல், இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடி. இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

உண்மையில் யோசிக்க வேண்டியது வடிவத்தைப் பற்றி. கபெர்னே, சிரா போன்ற திராட்சைகளில் செய்த, அதிக வருடம் ஆகாத சிவப்பு வைனுக்குக் காற்று வேண்டும். ஒரு முழு பாட்டிலை (750 மில்லி) ஊற்றினால் வைன் டிகான்டரின் அகலமான இடத்தில் வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் காற்றுபடும் பரப்பு அதிகம். பல வருடம் பழுத்த வைன் நேர்மாறு. அதற்கு டிகான்டர் வண்டலைப் பிரிக்க மட்டும்தான். காற்று அதிகம் பட்டால் அதன் மணம் சீக்கிரம் போய்விடும், எனவே ஒடுங்கிய குடுவையே நல்லது. பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குக் கீழே வெளிச்சம் பிடித்தபடி நிதானமாகச் சாய்த்து, வண்டல் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அகன்ற அடி, நேரான அகலக் கழுத்து. அன்னப்பறவை போல வளைந்த கழுத்துள்ளது ஒன்று எனக்குப் பரிசாக வந்தது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஒருமுறைகூட அதன் உட்புறத்தை முழுசாக உலர்த்த முடியவில்லை. வாங்கும் முன் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: இதன் அடிவரைக்கும் தூரிகை போகுமா?

பராமரிப்பில் பாதி வேலை அன்றிரவே முடிந்துவிட வேண்டும். காலி ஆனதும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். வாசனை சோப்பு வேண்டாம், உள்ளே தங்கிவிடும். கறை காய்ந்துவிட்டதா? வினிகரும் ஒரு பிடி பச்சரிசியும் போட்டு மெதுவாகச் சுழற்றினால் போகும். டிகான்டருக்கென்றே விற்கும் எவர்சில்வர் மணிகள் இன்னும் நன்றாக வேலை செய்யும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் உப்புப் படிந்து கண்ணாடி மங்கும். அதற்கும் வினிகர்தான். கடைசி அலசலை மட்டும் ஆர்ஓ தண்ணீரில் செய்தால் பிரச்சினையே வராது. துடைக்கும்போது ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் அடியையும் பிடித்துத் திருகாதீர்கள், பல டிகான்டர்கள் உடைவது அப்படித்தான். தலைகீழாக ஸ்டாண்டில் வைத்து, ஈரம் முழுக்கப் போனபிறகு நிமிர்த்தி, மூடி போடாமல் எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது முதலில் முகர்ந்து பாருங்கள். அலமாரி வாடை அடித்தால், ஊற்றப்போகும் வைனிலேயே இரண்டு கரண்டி விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். அப்புறம் பாட்டிலைச் சாய்க்கலாம்.