வெள்ளத்துக்கு ராணுவ உதவி: ஐந்துக்கு ஹெலிகாப்டருக்கு 3 மதிப்பெண், படகுக்கு 4

முதல் குறை, ராணுவம் தானாக வராது. கலெக்டர் கேட்க வேண்டும். வழக்கமாக அந்தக் கோரிக்கை மாநில அரசு வழியாக டெல்லிக்குப் போகும். உயிர் போகிற அவசரமென்றால் பக்கத்து முகாம் அதிகாரியிடமே நேரடியாகக் கேட்கலாம். கேட்கிற விதத்தில்தான் பாதி காரியம் இருக்கிறது. ‘நூறு வீரர், பத்து போட் அனுப்புங்கள்’ என்றால் பயனில்லை. ‘இந்த ஊரில் இத்தனை பேர் மொட்டை மாடியில் நிற்கிறார்கள், தண்ணீர் கழுத்தளவு, இழுப்பு அதிகம், ரோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் அறுந்துவிட்டது’ என்று வேலையைச் சொல்ல வேண்டும். ஆள் கணக்கை அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய 2023 டிசம்பரில், 17-ம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் 19-ம் தேதிதான் மீண்டார்கள். கர்ப்பிணி ஒருவரைத் தூக்கிச் சென்றது விமானப்படை ஹெலிகாப்டர். அந்த வேலைக்கு வேறு வழியே கிடையாது. ஆனால் மேகம் தாழ்ந்து நிற்கிறவரை அது கிட்டே வர முடியாது. பசிக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். (ஹெலிகாப்டர் செலவுக்கு மாநிலத்துக்குப் பின்னால் பில் வரும், அது தனிக் கதை.)

ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதில் கோளாறு பெரும்பாலும் மூட்டை கட்டுவதில்தான். இறுக்கி அடைத்தால் தளத்தில் பட்டதும் வெடிக்கும். முக்கால் அளவு நிரப்பி, சாக்குக்குள் சாக்கு வைத்து, இரண்டுக்கும் தனித்தனி முடிச்சுப் போட வேண்டும். சாம்பார் சாதம் ஆகாது, புளியோதரை தாங்கும். தண்ணீர் பாட்டிலைப் போர்வைக்கு நடுவே சுருட்டி வைக்கவும். மாடியில் கிடக்கும் தகரம், ஓலைத்தட்டி, தொட்டி மூடி எல்லாவற்றையும் முன்பே இறக்கிவிடுங்கள். ஹெலிகாப்டர் விசிறிக் காற்றில் அவை கத்தியாகப் பறக்கும். ஹெலிகாப்டர் இறங்குவதென்றால் பனையும் கரண்ட் கம்பியும் இல்லாத மேட்டு மைதானம் வேண்டும்.

ரப்பர் போட் வேனில் வந்து சில நிமிடத்தில் தயாராகிவிடும். நம்மூர் உடைமுள்ளும் சீமைக்கருவேலும்தான் அதற்கு எமன். காற்றறை பல இருப்பதால் ஒன்று கிழிந்தாலும் உடனே மூழ்காது, ஆனால் அதற்குமேல் ஆள் ஏற்ற முடியாது. வாழைத் தோட்டத்துக்கு மேல் மோட்டாரை ஓட்டினால் நாரும் கட்டுக்கயிறும் விசிறியில் சுற்றி நின்றுபோகும். அங்கே மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்புதான். இழுப்பு உள்ள இடத்தில் மீனவர்களின் பைபர் படகே மேல். கனம் அதிகம், இறக்க எட்டுப் பேராவது வேண்டும்.

எந்தப் படகானாலும் உள்ளூர் ஆள் ஒருவர் ஏற வேண்டும். முழுகிக் கிடக்கும் கிணறும் வேலிக்கம்பியும் வேற்றூர் வீரருக்கு எப்படித் தெரியும்? ‘புதுக்குடி’ என்று மட்டும் சொன்னால் எந்தப் புதுக்குடி? டயாலிசிஸ் நோயாளி, நிறைமாதக்காரி, தனியாக இருக்கும் கிழவி எந்தத் தெருவில் என்ற பட்டியல் மழைக்கு முன்பே வி.ஏ.ஓ. கையில் காகிதத்தில் இருக்கட்டும். டவர் விழுந்தபின் வாட்ஸ்அப் லொக்கேஷன் போகாது.