டைகர் டாங்கியும் அதோடு வந்த சார்ஜரும்

அம்பாசமுத்திரத்து நண்பர் போனில் கேட்டார்: "என்னவே, டாங்கிக்கு லிப்போ போட்டிரலாமா?" டாங்கி என்றால் ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கி, லிப்போ என்றால் லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு வரியில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதியே விடுகிறேன்.

அசலில் பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள (1/16) டைகரில் எனக்குப் பெரிய குறை இல்லை. இரும்புச் சங்கிலி மாட்டியபின் குறுக்குத்துறை ஆற்று மணலில்கூட கம்பீரமாக ஏறுகிறது. எரிச்சல் எல்லாம் பெட்டிக்குள் வந்த சார்ஜர் மேல்தான். அதில் ஒரு சிவப்பு விளக்கு. பேட்டரி காலியாக இருந்தாலும் எரியும், நிறைந்தாலும் எரியும். 1800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) நிக்கல் பேட்டரி பேக்குக்கு 250 மில்லி ஆம்பியர் கொடுக்கிறது. வகுத்தாலே 7 மணி நேரத்துக்கு மேல், சூடாக வீணாவதையும் சேர்த்தால் 10 மணி. தானாக நிற்காது, கடிகாரம் பார்த்து நாம்தான் பிடுங்க வேண்டும். பாளையங்கோட்டையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை போக, சொல்லாமல் போகிற கரண்டும் உண்டு. நடுராத்திரியில் எவ்வளவு நேரம் போய் வந்தது என்று எவன் கணக்கு வைப்பது? அக்னி நட்சத்திரத்தில் இப்படி விட்டால் பேக் கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும்.

தனியாக ஒரு பேலன்ஸ் சார்ஜர் (பேட்டரிக்குள் உள்ள செல்களைச் சமமாக ஏற்றக்கூடியது) வாங்கியதுதான் விமோசனம். நிக்கல் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் லேசாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து இது நிறுத்திவிடும். ஆனால் கால் ஆம்பியரில் வைத்தால் இறக்கம் சரியாகத் தெரியாது, 1 ஆம்பியராவது வைக்க வேண்டும். அப்புறம், நான் எதிர்பார்க்காத சந்தோஷம்: இது 12 வோல்ட் டிசியிலும் ஓடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் கிளிப்பை மாட்டிவிட்டால் ஊரே இருட்டாக இருந்தாலும் டாங்கிக்குச் சாப்பாடு ஏறிக்கொண்டிருக்கும். வீட்டம்மாவின் முறைப்பு தனி.

பேட்டரியை டாங்கியோடு இணைக்கும் வெள்ளைப் பிளக்கையும் மாற்றிவிடுங்கள். மணலில் மோட்டார் அதிகம் இழுக்கும்போது சூடாவது அதுதான். என்னுடையதில் பின் கருத்து, பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறிவிட்டது. அதிகக் கரண்டைத் தாங்கும் எக்ஸ்டி60 பிளக்கைப் பற்றவைத்தபின் அந்தத் தொல்லை இல்லை.

சரி, லிப்போ. ஓட்டம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேக் கெட்டது. என்னிடம் இருப்பது நிக்கலுக்கென வந்த பழைய கன்ட்ரோல் போர்டு, அதற்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. வோல்டேஜ் இறங்கினால் கத்தும் பஸ்ஸர் மாட்டலாம், ஆனால் டாங்கியின் வயிற்றுக்குள் எஞ்சின் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் போடுகிற போட்டியில் அது கத்துவது யாருக்குக் கேட்கும்? நிக்கல் என்றால் தானே தளர்ந்து நடை குறைந்து சொல்லிவிடும். ஓட்டாத நாளில் லிப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வேறு நிறுத்தி வைக்க வேண்டும், அதுவும் நம்ம ஊர் மே மாத வெயிலில்.

ஆகவே நண்பருக்கு என் பதில், லிப்போ வேண்டாம். ஓட்டத்தில் குறை இல்லாவிட்டாலும், புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை, இந்த டாங்கியே வேண்டாம். சார்ஜருக்கும் பிளக்குக்கும் தனியாகத் தண்டம் அழ வேண்டியிருக்கிறது. நான் 3000 எம்ஏஎச்சில் இன்னொரு நிக்கல் பேக்குக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.