வியப்பு தீர்ந்த பிறகும் உழைப்பவை: ஊகப் புனைவுகளோடு ஒரு நீண்டகாலப் பழக்கம்

வாங்கிய வாரத்தில் ஒரு மிக்ஸியைப் பற்றி எழுதப்படும் மதிப்புரையும், பல தீபாவளிகளுக்கு அதில் மாவரைத்த பிறகு எழுதப்படும் மதிப்புரையும் ஒன்றாக இருப்பதில்லை. அறிவியல் புனைவு, மிகுபுனைவு, மாற்று வரலாறு முதலியவற்றைச் சேர்த்து ஊகப் புனைவு என்று அழைக்கிறோம். இவற்றைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி, படம் வெளியான வார இறுதியிலேயே எழுதி முடிக்கப்படுகிறது. அப்போது எழுதுபவரிடம் பேசுவது பெரும்பாலும் வியப்புதான். வியப்பு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் பொருள் என்பதால், அதைக் கழித்துவிட்டு மீதம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இந்தப் பகிர்வின் நோக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்து, பள்ளி நாட்களிலிருந்து இவ்வகை நூல்களைப் படித்தும், படங்களையும் தொடர்களையும் பார்த்தும் வருகிறேன். திரும்பத் திரும்ப எடுத்தாலும் தேயாதவை எவை, இரண்டாம் முறையே இளைத்துப்போனவை எவை என்று சொல்ல ஓரளவு அனுபவம் இருக்கிறது.

என் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். கற்பனை உலகம் ஒன்றுக்கு ஒரு விதி இருக்க வேண்டும். அந்த விதியால் யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு விலை கொடுக்க வேண்டும். கதாசிரியருக்கு வசதிப்படவில்லை என்பதற்காக அந்த விதி நடுவழியில் தளரக்கூடாது. இவை மூன்றும் இருக்கும் படைப்பு, முடிவு தெரிந்த பிறகும் உழைக்கிறது. கிராபிக்ஸ் எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் அதற்குப் பெரிய சேதம் இல்லை.

இந்த நாட்டில் இவ்வகைக் கதைகளுக்கு நெடுங்காலம் நூலும் வானொலியுமே வாசலாக இருந்தன. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரியில்தான் நாடு முழுவதும் தொடங்கியது. தொலைக்காட்சி நாட்டைக் கெடுத்துவிடும் என்று அன்றைய அரசு அதுவரை அதைத் தடுத்து வைத்திருந்தது. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியதை உலகம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, என் பெற்றோர் தலைமுறை அதை வானொலியில் கேட்டது. நிலவுப் பயணத்தைக் காதால் மட்டும் கேட்டு மனத்தில் கட்டியெழுப்பியவர்களுக்கு அச்சிட்ட கதை குறைவானதாகத் தோன்றியிருக்க வழியில்லை. புத்தகத்தையே முதலில் எடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

நான் அதிகம் திரும்பிப் பார்த்த படம் நீல் ப்ளோம்காம்ப் இயக்கிய ‘டிஸ்ட்ரிக்ட் 9’. 2009இல் வெளிவந்த இப்படம் சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. 1982இல் ஜொகானஸ்பர்க் வானில் ஒரு வேற்றுலகக் கப்பல் வந்து நின்றுவிடுகிறது. அதிலிருந்து மீட்கப்பட்டவர்கள் குடிசைப் பகுதி ஒன்றில் அடைத்து வைக்கப்படுகிறார்கள். பின்னர் அங்கிருந்தும் அப்புறப்படுத்தப்படுகிறார்கள். முதல் முறை பார்த்தபோது கண்ணை இழுத்தவை ஆயுதங்களும் இயந்திர உடையும். இப்போது அந்தக் கடைசிச் சண்டையின்போது நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுகிறேன். திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது முதல் அரைமணி நேரம்தான்: கையில் காகித அட்டையோடு வீடு வீடாகச் சென்று வெளியேற்ற அறிவிப்பில் கையொப்பம் வாங்கும் அதிகாரி, எரிச்சலில் அந்த அட்டையைத் தட்டிவிடும் வேற்றுலகவாசி, அந்தத் தட்டலையே கையொப்பமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிர்வாகம். முறைப்படி முன்னறிவிப்பு தரவில்லையே என்று சட்டம் பேசும் ஒரே வேற்றுலகவாசிக்கு அரசு வைத்திருக்கும் பெயர் கிறிஸ்டோபர் ஜான்சன்.

மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ், 1960களில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து தோட்டத்தையும் கோயிலையும் விட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தக் காகித அட்டை அந்நியமானதாக இருக்காது. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளுக்கு எண் கொடுத்து, பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததும், கிறிஸ்டோபர் ஜான்சன் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது. படத்தின் விதி எளியது: யார் மனிதர் என்பதைப் படிவம் தீர்மானிக்கும். அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவரே உடல் மாறத் தொடங்கும்போது விலை கொடுக்கிறார். ஒரு குறை மட்டும் ஆண்டுகள் கடந்தும் ஆறவில்லை. அகதிகளை இழிவாகப் பார்ப்பதைக் கண்டிக்கும் இதே படம் நைஜீரியர்களைக் கொள்ளைக் கும்பலாகவும் நரமாமிசம் உண்பவர்களாகவும் மட்டும் காட்டுகிறது. நைஜீரிய அரசு தன் நாட்டுத் திரையரங்குகளில் படத்தை நிறுத்தச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

நூலும் படமும் ஒரே விதியை எப்படிக் கையாளுகின்றன என்பதற்கு ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ நல்ல சான்று. 1965இல் வந்த இந்த நாவலை டேவிட் லிஞ்ச் 1984இலும், டெனி வில்நவ் 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகவும் படமாக்கினார்கள். வில்நவின் முதல் பாகத்தில் அரண்மனை முற்றத்தில் பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் நாளொன்றுக்கு ஐந்து மனிதர் குடிக்கும் நீரைக் குடிக்கிறது என்று தோட்டக்காரர் சொல்கிறார். ஒரு நிமிடக் காட்சியில் அந்தப் பாலைவன உலகின் கணக்கு புரிந்துவிடுகிறது. நாவல் இதே கணக்கை விருந்து மண்டபத்துக்குள் கொண்டுபோகிறது. வாசலில் நீர்த்தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. விருந்தினர்கள் கையை நனைத்துத் தரையில் நீரைச் சிந்தி, துண்டில் துடைத்து, அதை ஈரத்திலேயே எறிந்துவிட்டுப் போவது வழக்கம். அந்தத் துண்டுகளைப் பிழிந்த நீருக்காக வாசலில் ஏழைகள் காத்திருப்பார்கள். புதிதாக ஆட்சிக்கு வந்த பிரபு அந்த வழக்கத்தை நிறுத்தி, வருபவர்களுக்கு ஒரு கோப்பை நீர் கொடுக்கச் சொல்லும்போது, பிழிந்த நீரை விற்றுச் சில காசு பார்க்க நினைத்திருந்த வீட்டுப் பணிப்பெண்ணின் முகம் சுருங்குகிறது. வில்நவின் படங்களில் அந்த விருந்தே இல்லை.

2018இல் கேப் டவுனில் ஆளொன்றுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தபோதும், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோதும், நான் நினைத்துக்கொண்டது அந்தப் பணிப்பெண்ணை. தட்டுப்பாடு வந்த இடத்தில் அதை வைத்து ஒரு சிறு வியாபாரமும் முளைத்துவிடும் என்பதை ஹெர்பர்ட் அறிந்திருக்கிறார். வில்நவின் படங்கள் காதுக்கும் கண்ணுக்கும் பெரும் அனுபவம். திரையரங்கில் பார்க்க வேண்டியவை. ஆனால் வீட்டுத் திரையில் இரண்டாம் முறை அவை சுருங்கிவிட்டன, நாவலோ ஒவ்வொரு முறையும் எனக்குக் கூடுதலாக ஏதோ கொடுக்கிறது. நாவலின் பிற்பாதியில் வரும் தீர்க்கதரிசனப் பக்கங்களை நான் புரட்டித் தள்ளுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர்களிடம் எனக்கு நம்பிக்கையும் சந்தேகமும் சம அளவில் உண்டு. விதிக்கான விலையை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் காட்டும் வசதி தொடருக்கு மட்டுமே இருக்கிறது. ஆனால் அடுத்த சீசனுக்கு அனுமதி கிடைக்குமா என்று தெரியாமல் எழுதப்படும் கதையில், முடிவு பெரும்பாலும் அவசரத்தில் வந்து விழுகிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2019இல் முடிந்தது. மூல நாவல்களில் ஏழு திட்டமிடப்பட்டு ஐந்தே வெளிவந்திருந்த நிலையில், தொடர் தன் கடைசிப் பகுதியில் பயண தூரங்களைக்கூட மறந்துவிட்டது. முன்பு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக ஒரு சீசனே தேவைப்பட்டது; பிறகு ஒரு காட்சி போதுமானதாகிவிட்டது. அத்தொடரை நான் மீண்டும் எடுப்பதில்லை.

நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கும் தொடர் ‘தி எக்ஸ்பான்ஸ்’. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதிய ஒன்பது நாவல்கள் 2011 முதல் 2021 வரை வந்தன. தொடர் 2015இல் தொடங்கி ஆறு சீசன்களோடு நின்றது. இதில் விண்கப்பலுக்குள் செயற்கை ஈர்ப்பு விசை என்ற வசதி கிடையாது. என்ஜின் தள்ளும்வரை பயணிக்கு எடை உண்டு, நிறுத்தினால் மிதக்க வேண்டியதுதான். பாதி வழி வேகத்தைக் கூட்டி, நடுவில் கப்பலைத் திருப்பி, மீதி வழி வேகத்தைக் குறைத்தால்தான் போய்ச்சேர முடியும். இந்த ஒரே விதியிலிருந்து அரசியல் முழுவதும் விளைகிறது. குறைந்த ஈர்ப்பில் பிறந்து வளர்ந்த சிறுகோள் தொழிலாளர்களின் எலும்பு பூமியின் எடையைத் தாங்காது. ஆகவே அவர்களில் ஒருவரைச் சித்திரவதை செய்யப் பூமி அதிகாரிகளுக்கு ஆயுதம் தேவைப்படுவதில்லை, தரைக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டாலே போதும். இது முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. விண்வெளி உடைக்குள் இருப்பவர் தோளைக் குலுக்கினால் வெளியே தெரியாது என்பதால், அம்மக்கள் எல்லாவற்றையும் கையசைவில் சொல்கிறார்கள். உடை போடாத நேரத்திலும் அந்தப் பழக்கம் போவதில்லை. சனிக் கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டியை இழுத்துவரும் கப்பல் ஒன்று அழிக்கப்படுவதில் கதை சூடுபிடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்; அங்கும் சண்டை தண்ணீரிலிருந்தே கிளம்புகிறது.

தமிழுக்கு வந்தால், சென்னை போய்வருபவர்களிடம் சொல்லியனுப்பி வரவழைத்த சுஜாதாவின் நூல்களே இங்கு என் தலைமுறைக்குத் தொடக்கம். ‘என் இனிய இயந்திரா’ நாவலின் ஜீனோ என்ற இயந்திர நாய் இன்றும் சலிக்கவில்லை, ஏனென்றால் அதன் வளர்ச்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது: அது படிக்கிறது. நாவல் கற்பனை செய்த எதிர்கால ஆண்டுகளை நாம் கடந்துவிட்டபோதும், பிள்ளை பெற அரசின் அனுமதிக்குக் காத்திருக்கும் பெண்ணின் பதற்றம் பழசாகவில்லை.

2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தில் தீப்பிடித்த கட்டடத்திலிருந்து, குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியைச் சிட்டி ஆடையின்றித் தூக்கிவந்து கேமராக்களின் முன் நிறுத்தும் காட்சியைத் தமிழ்ச் சினிமாவின் மிகச் சிறந்த அறிவியல் புனைவுக் காட்சி என்று துணிந்து சொல்வேன். உயிரைக் காக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு வெட்கம் தெரியாது; அந்த விலையை அந்தப் பெண் தன் உயிரால் கொடுக்கிறாள். அவ்வளவு தூரம் வந்த படம், அதன்பின் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் அடுக்கிக்கொள்ளும் சர்க்கஸில் தன் கேள்வியை மறந்துவிடுகிறது. குழந்தைகளோடு பார்க்க அது நன்றாகத்தான் இருக்கிறது. செலவு குறைந்த ‘இன்று நேற்று நாளை’யும் (2015), ‘மாநாடு’ம் (2021) விதியை இதைவிட ஒழுங்காகக் காப்பாற்றின. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் சுழலில் சிக்கிய நாயகனுக்குக் கிடைத்த அதே வசதி வில்லனுக்கும் கிடைத்துவிடுவது ‘மாநாடு’ படத்தின் நல்ல யோசனை. நான்காவது முறை பார்க்கும்போதும் இருவரும் மாறிமாறிக் காய் நகர்த்துவது சுவையாகவே இருந்தது.

‘இன்று நேற்று நாளை’யில் கால எந்திரம் கையில் கிடைத்த இளைஞர்கள் முதலில் செய்வது, காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சோதிடத் தொழில். ஜொகானஸ்பர்கின் ஹில்ப்ரோவில் நடக்கும் லாரன் பியூக்ஸின் ‘ஜூ சிட்டி’ நாவலின் நாயகியும் தொலைந்த பொருளைத் தேடிக் கொடுத்தே பிழைக்கிறாள். அவ்வுலகில் கொடுங்குற்றம் செய்தவர்களோடு ஒரு விலங்கு வந்து ஒட்டிக்கொள்ளும். கூடவே ஏதேனும் ஒரு திறமையும் வரும். விலங்கு இறந்தால் உரியவருக்கும் முடிவு நெருங்கிவிடும். 2011இல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்ற இந்நாவலைத் தமிழ்ப் பட ரசிகர்கள் தயக்கமின்றி எடுக்கலாம். மாயம் கையில் இருந்தாலும் மாத வாடகைக்கு அல்லாட வேண்டியிருக்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

பயன்படுத்தும் வசதி பற்றியும் சில சொற்கள். மின்வெட்டு அட்டவணை உச்சத்தில் இருந்த 2023இல் தொடர் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. சார்ஜ் பல நாள் நிற்கும் மின்னூல் கருவியே கைகொடுத்தது, தமிழ் எழுத்தும் அதில் தெளிவாகத் தெரிகிறது. மாதச் சந்தா கட்டிப் பார்த்துவந்த ஒரு தொடர் முன்னறிவிப்பின்றிப் பட்டியலிலிருந்து மறைந்த அனுபவத்துக்குப் பிறகு, திரும்பப் பார்ப்பேன் என்று தெரிந்தவற்றை வட்டாகவே வாங்கி வைக்கிறேன். அமெரிக்காவிலிருந்து டிவிடி வரவழைப்பவர்கள் மண்டல எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தென்னாப்பிரிக்கா இரண்டாம் மண்டலம், அமெரிக்க வட்டு இங்குள்ள சாதாரண பிளேயரில் ஓடாது.

‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை முடித்துவிட்டு நாவலுக்குப் போக விரும்புபவர்கள் பலர், தொடர் நின்ற இடத்திலிருந்து கணக்குப் போட்டு ஏழாம் நூலை எடுக்கிறார்கள். ஆறாம் நூலுக்கும் ஏழாம் நூலுக்கும் இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிவிடுவதால் அது சரியான இடம் போலவே தோன்றும். ஆனால் தொடரின் ஐந்தாம் சீசனில் இறந்துபோகும் விமானி, நாவலின் ஏழாம் பாகத்தில் நரைத்த தலையோடு கப்பலை ஓட்டிக்கொண்டிருப்பார். ஐந்தாம் நூலிலிருந்து தொடங்குங்கள்.