ஊரிலிருந்து திரும்பும் வழியில்: கொப்பரை, கற்பூரம், அம்மாவின் பாக்குவெட்டி

காரைக்குடிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறோம். இந்த முறை அம்மாவும் எங்களோடு வந்திருக்கிறார். ஊரில் வங்கி, தாலுகா ஆபீஸ், மின்வாரியம் என்று பல இடம் ஏறி இறங்கினோம். பட்டா விவரம் இணையத்திலேயே கிடைத்துவிட்டது, வங்கியில் கொஞ்சம் காத்திருந்தோம், வேலை முடிந்தது. அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும் நாளில் விமான நிலையச் சோதனையில் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கும் பயன்படும். விமான நிலையங்களை நடத்துகிறவர்கள் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தடை செய்த பொருள் பட்டியலோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. 2006 ஆகஸ்ட் 10ஆம் தேதி, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டனில் முறியடித்தார்கள். அதிலிருந்துதான் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி உலகம் முழுக்கப் பரவியது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் உண்டு. என் குறையெல்லாம், அந்த விதி பயணிக்கு எந்த இடத்தில் தெரிய வருகிறது என்பதில்தான்.

நம் ஊரிலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள். அடுத்து பெட்டியைப் போடும் கவுன்டர். அப்புறம் குடிநுழைவு, சுங்கம். கைப்பையை எக்ஸ்ரே பார்ப்பது கடைசியில்தான். அந்த இடத்தில் “இது கூடாது” என்று சொல்லும்போது பெரிய பெட்டி போய்ச் சேர்ந்திருக்கும், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்திருக்கும், வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். பொருளைப் பெட்டிக்குள் மாற்றவும் முடியாது, தம்பி கையில் கொடுத்தனுப்பவும் முடியாது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான், அதாவது குடிநுழைவுக்கு அப்புறம்தான் நடக்கிறது. ஆனால் அங்கிருந்து கிளம்புகிறவர் பையில் பெரும்பாலும் கடையில் வாங்கிய சாக்லேட்டும் சோப்பும்தான் இருக்கும். ஊரிலிருந்து கிளம்புகிறவர் பையில் இருப்பது வீட்டுப் பொருள். போனால் திரும்ப வாங்க முடியாது.

எங்களுக்கு முன்னால் ஒரு பையன் நின்றான். பட்டுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையாம். பெட்டியை ஸ்கேன் செய்த இடத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்கள். லுங்கி, புது வேட்டி, முறுக்குப் பொட்டலம், அடியில் ஒரு துணிப்பை நிறைய கொப்பரை. சொந்தத் தோப்புக் காய், அப்பா வெயிலில் காயப்போட்டு எடுத்துக் கொடுத்தது. கூடவே ஒரு டப்பா கட்டிக் கற்பூரம், அவன் தங்கியிருக்கும் விடுதியில் சாமி படத்துக்கு ஏற்ற. இரண்டையும் எடுத்து வைத்துவிட்டார்கள்.

“தேங்காய்தானண்ணே, இதுல என்ன இருக்கு?” என்று கேட்டான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் தெரிந்திருந்தால் இத்தனை வருத்தப்பட்டிருக்க மாட்டான். கொப்பரையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய். ஈரம் சரியாகப் போகாத கொப்பரையைக் குவித்து மூடி வைத்தால் தானாகச் சூடேறும், புகையும், தீயும் பிடிக்கும். ஆபத்தான சரக்குகளுக்கான உலகப் பட்டியலில் அதற்கு 1363 என்று ஐ.நா. எண்ணே இருக்கிறது, தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியவை என்ற 4.2 பிரிவில் வைத்திருக்கிறார்கள். கற்பூரம் இன்னொரு பிரிவு, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். தீக்குச்சி காட்டியதும் அது எப்படிப் பற்றும் என்பதை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் யார்? விமானத்தின் வயிற்றில், ஆள் போக முடியாத இடத்தில், அது பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி சொன்னால் எந்த அப்பாவும் பெட்டியில் வைத்துக் கட்ட மாட்டார்.

அந்தப் பையன் கொப்பரைப் பையைக் குப்பைக் கூடையில் போட மனம் வராமல், பெட்டி தூக்கும் அண்ணன்மாரிடம் நீட்டினான். “தூக்கிப் போடுறதுக்கு நீங்களாவது வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே.” வாங்கிக்கொண்டார்கள்.

இனி அம்மாவின் கதை. அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வெற்றிலை போடாமல் அவருக்குப் பொழுது போகாது. இடுப்பில் சுருக்குப் பை, அதில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, பாக்குவெட்டி. அந்தப் பாக்குவெட்டி அப்பத்தாவிடமிருந்து வந்தது. பித்தளைப் பிடி, முனையில் கிளிமூக்கு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தீட்டித் தீட்டி இரும்பு அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது. பிடியில் பெருவிரல் படும் இடம் மட்டும் வழுவழுவென்று பள்ளமாகியிருக்கும். அப்பத்தாவின் விரலும் அம்மாவின் விரலும் சேர்ந்து தேய்த்த பள்ளம்.

பெட்டி போடும் கவுன்டரில், “பவர் பேங்க், லைட்டர் எதுவும் பெட்டிக்குள்ள இருக்கா?” என்று கேட்டார்கள். இல்லை என்றோம். மேசையில் ஒட்டியிருந்த அட்டையில் துப்பாக்கி, கத்தி, கேஸ் சிலிண்டர், பட்டாசு எல்லாம் படமாக இருந்தன. பாக்குவெட்டி இல்லை. அதை ஆயுதம் என்று அம்மா எப்படி நினைப்பார்? அவருக்கு அது மூக்குக்கண்ணாடி மாதிரி, உடம்போடு இருக்கும் சாமான்.

எக்ஸ்ரேயில் சுருக்குப் பை நின்றுவிட்டது. அங்கே இருந்த வடநாட்டுக் காவலர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். “மாதாஜி” என்று கூப்பிட்டு, இரண்டு கையாலும் பாக்குவெட்டியை எடுத்துக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மாவுக்கு விஷயம் புரிய நேரமானது. புரிந்ததும் கேட்டார்: “ஏப்பா, நான் போகல. நீங்க போயிட்டு வாங்க. இதை விட்டுட்டு நான் எப்படி வர்றது?”

எனக்கு அப்போது வந்த கோபம் பெரிது. அலகு உள்ள பொருள் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் போகலாம், அதுதான் விதி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கவுன்டரில் ஒருவர், “பாட்டி, பாக்குவெட்டி வச்சிருக்கீங்களா, பெட்டியில போட்டுருங்க” என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அலகில் துணியைச் சுற்றி, சேலைகளுக்கு நடுவே வைத்திருப்போம். விமானத்துக்கு எந்தக் கேடும் இல்லாமல் அந்தப் பாக்குவெட்டி சிங்கப்பூர் வந்திருக்கும்.

காப்பாற்றியது தரைப் பணியில் இருந்த ஒரு பெண். அம்மா கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்தார். “பாட்டி, அழாதீங்க. வெளிய யாராச்சும் நிக்கிறாங்களா?” என்று கேட்டார். தம்பி இன்னும் கார் நிறுத்துமிடத்தில்தான் இருந்தான். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, பொருளைப் படம் எடுத்து, என் போனிலேயே தம்பியிடம் பேசி அடையாளம் கேட்டுக்கொண்டு போனார். நாங்கள் ஏறுவதற்கு அழைப்பு வரும் முன்பே, “அண்ணே, கைக்கு வந்துருச்சு” என்று தம்பி சொல்லிவிட்டான். பணம் கொடுத்தபோது அந்தப் பெண் வாங்கவில்லை. அவருடைய பேரை இங்கே எழுதக் கூடாது, தன் வேலையில் சேராததைச் செய்ததற்காக அவரைக் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அவர் நல்லா இருக்கணும்.

ஆனால் அது அவருடைய நல்ல மனசு. அதைச் சேவை என்று கணக்கில் எழுத முடியாது. எங்களுக்குப் பின்னால் நின்றவர் ஒரு கத்தரிக்கோலை, தையல் வேலைக்கு வைத்திருந்த நல்ல கத்தரியை, கூடையில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவரை வழியனுப்ப வந்தவர்கள் ஊர் பஸ்ஸைப் பிடித்துப் போயிருப்பார்கள்.

நம் வழக்கத்தை அறிந்து விதியை அமைக்க அரசுக்கு முடியும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. கைப்பையில் தேங்காய் கூடாது என்பதுதான் இந்தியாவில் விதி. சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடியில் நெய்த் தேங்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? 2024 அக்டோபரில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு, இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோகலாம் என்று அறிவித்தார். 2025 ஜனவரி 20 வரை, மண்டல மகரவிளக்குக் காலம் முழுக்க. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கையால் பார்ப்பது எல்லாம் உண்டு. பாதுகாப்பையும் விடவில்லை, பக்தரையும் நோகடிக்கவில்லை. இதே அக்கறையை ஒரு பாட்டியின் சுருக்குப் பைக்கும் காட்டலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் கூடவே கூடாது. 100 வாட்-மணி வரை கேள்வியில்லை. 20,000 mAh என்று எழுதியது ஏறக்குறைய 74 வாட்-மணி, போகலாம். எழுத்து அழிந்துபோனதை வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே பழையதை ஊரிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டது. லைட்டரும் தீப்பெட்டியும் இந்தியாவில் எந்தப் பையிலும் கூடாது. மின்-சிகரெட்டை இந்தியா 2019இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது, சிங்கப்பூரிலும் வைத்திருப்பதே குற்றம். உறவுக்காரப் பையன்கள் யாராவது கொடுத்துவிடச் சொன்னால் கையில் வாங்காதீர்கள். ஊறுகாய், நெய், தைலம் எல்லாம் பெரிய பெட்டியில், மூடியை டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். இன்சுலின், குழந்தைப் பால் போன்றவற்றுக்கு 100 மில்லி கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். பெண்களைப் பெண் காவலர்தான் திரைக்குள் வைத்துச் சோதிக்கிறார். தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் அம்மாவுக்கு மனநிறைவு.

வந்து இறங்கும் பக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது, கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அதில் மார்ஃபின் தடயம் இருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் தடை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை, அங்கே விளைவு இன்னும் கடுமை. அக்கா மசாலாப் பொட்டலம் கட்டிக் கொடுத்தபோது நான் கேட்டு எடுத்து வைத்துவிட்டு வந்தேன். வெறும் பொடியாக அரைத்துக் கொடுத்தாலும் அதில் கசகசா உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பயணிகள் குறையைப் பதியலாம். நான் பதிந்திருக்கிறேன். வாசலிலும் கவுன்டர் வரிசையிலும் தமிழில், நம் வீட்டுப் பொருள்களின் படத்தோடு பலகை வேண்டும்: பாக்குவெட்டி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கொப்பரை, கற்பூரம். எது பெட்டியில் போகலாம், எது எதிலுமே போகக் கூடாது என்று இரண்டு நிறத்தில். பெட்டி எடை போடும் முன் கைப்பையில் கூர்மையான பொருள் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் தமிழில் ஒரு கேள்வி. கைப்பைச் சோதனைக்குப் பக்கத்தில் ஒரு கவுன்டர். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு, ரசீது கொடுத்து, பொருளை ஊர் முகவரிக்கு அனுப்பட்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்வரை வைத்திருக்கட்டும். அமெரிக்கா, பிரிட்டன் விமான நிலையங்கள் சிலவற்றில் இப்படித் தபாலில் அனுப்பும் ஏற்பாடு இருந்திருக்கிறது. அஞ்சல் துறைக்கு ஊர் ஊராக ஆபீஸ் உள்ள நாட்டில் இது ஆகாத காரியமில்லை.

சென்னை, திருச்சி, மதுரை, கோவை, எங்கிருந்து ஏறுகிறவர்களானாலும் உங்கள் குறையையும் பதியுங்கள். பொருளின் பேரைத் தமிழ்நாட்டில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுதுங்கள். பலகை எழுதுகிறவருக்கு அது உதவும்.