முன்பின் தெரியாத குளத்தில் ஓப்பன் மேட்ச்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்து மிட்லாண்ட்ஸில் ஒரு கட்டணக் குளத்தில் இந்தக் கோடையில் நடந்த ஓப்பன் மேட்ச் (யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சேரும் மீன்பிடிப் போட்டி) பற்றிய எச்சரிக்கை இது. குளத்தின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. அங்கே நடந்ததை எந்தக் குளத்திலும் நடத்தலாம் என்பதால், எது எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: நுழைவு 35 பவுண்ட், அதில் 10 குளத்துக்கு, 25 பூலுக்கு, அதாவது பரிசாகத் திரும்ப வரும் பொதுப் பணத்துக்கு. காலை 8.30க்கு டிரா (கரையில் எண் போட்ட இடங்களான பெக்குகளில் யார் எதில் உட்காருவது என்ற குலுக்கல்), 10 முதல் 4 வரை மேட்ச். வந்தவர்கள் 26 பேர். அப்படியானால் பூலில் 650 பவுண்ட் சேர்ந்திருக்க வேண்டும். மாலையில் உறைகளில் கொடுத்தது: முதல் பரிசு 180, இரண்டாவது 110, மூன்றாவது 70, நான்கு செக்‌ஷன்களுக்கு (கரையைப் பிரித்த பகுதிகள்) தலா 30. கூட்டினால் 480. மீதி 170 எங்கே என்று கேட்டதற்கு, "கோல்டன் பெக்குக்குப் போயிருக்கு" என்றார்கள்.

கோல்டன் பெக் என்பது தனிப் பணம். விருப்பமுள்ளவர்கள் ஒன்றோ இரண்டோ பவுண்ட் தனியாகப் போடுவார்கள். குலுக்கி எடுத்த அந்தப் பெக்கில் உட்கார்ந்தவரே மேட்ச்சையும் வென்றால் மொத்தமும் அவருக்கு. இல்லையென்றால் அடுத்த மேட்ச்சுக்குச் சேரும். மெயின் பூலிலிருந்து அதற்கு எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாரா வாரம் வருகிறவருக்கு அந்தப் பணம் என்றாவது திரும்பி வர வாய்ப்புண்டு. ஒரே ஒரு நாள் வந்துபோகும் வெளியூர்க்காரருக்கு அது போனது போனதுதான். ஆகவே பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: பூல் முழுவதும் திரும்ப வருமா, எத்தனை பேருக்குப் பிரிப்பீர்கள், கோல்டன் பெக் தனியா உள்ளேயா? டிரா நடக்கும்போது தலையை எண்ணி, பூல் தொகையால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தைவிட மோசமானது டிரா. நீளமான குளம், ஒரே கரையில் 30 பெக். டிராவுக்குப் பை வருவதற்கு முன்பே 1, 30 ஆகிய இரண்டு பெக்கிலும் ஆள் உட்கார்ந்து போல் (துண்டு துண்டாக மாட்டும் நீளத் தூண்டில் கோல்) மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு எண்ணும் பையில் போடப்படவே இல்லை. கடைசிப் பெக்குகளின் அருமை மேட்ச் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். கரையில் வரிசையாகப் பெட்டி வைத்து, நடந்து, இரை எறியும்போது மீன் சந்தடியில்லாத தண்ணீருக்கு ஒதுங்கும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கம்தான் பக்கத்து ஆள். மறுபக்கம் வெறும் தண்ணீர், மீன் ஒதுங்கி வரும் இடம். அன்று முதல் இரண்டு பரிசும் அந்த இரண்டு பெக்குக்கே போனதில் வியப்பில்லை.

நடக்க முடியாதவர்களுக்குக் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய சமதளப் பெக்கை ஒதுக்குவது வழக்கம்தான், அது நியாயமும்கூட. அதை எல்லார் முன்னும் அறிவிப்பார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குளங்கள் தங்கள் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு மேட்ச்சின் முடிவையும் பெயர், பெக், எடையோடு போடுவது வழக்கம். நான்கைந்து வார முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெக் ஜெயித்தால் அது நல்ல பெக். ஒரே ஆள் ஒரே பெக்கிலிருந்து திரும்பத் திரும்ப ஜெயித்தால் அந்தக் குளத்துக்குப் போக வேண்டாம்.

அடுத்தது எடை. இங்கிலாந்தில் மேட்ச் எடை இன்னும் ராத்தல், அவுன்ஸில்தான். 16 அவுன்ஸ் ஒரு ராத்தல். மீனைக் கீப்நெட்டிலிருந்து (பிடித்த மீனைத் தண்ணீரிலேயே வைத்திருக்கும் வலை) ஸ்லிங்கில் (எடை போடும் பை) கொட்டி, முக்காலியில் தொங்கும் தராசில் மாட்டுவார்கள். ஸ்லிங் நனைந்தால் தண்ணீரும் சளியும் சேர்ந்து அதன் எடை கூடும். அதனால் ஸ்லிங்கை முதலில் நனைத்து, காலியாக மாட்டி, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகே எடை போட வேண்டும். அவ்வப்போது திரும்பவும் பூஜ்ஜியம் பார்க்க வேண்டும். அன்று உலர்ந்த ஸ்லிங்கை வைத்துக் காலையில் ஒரே ஒரு முறை பூஜ்ஜியம் செய்ததோடு சரி. எடை முடிந்து காலி ஸ்லிங்கை மாட்டச் சொல்லிக் கேட்டபோது 5 அவுன்ஸ் காட்டியது.

எல்லாருக்கும்தானே கூடுகிறது, இதில் என்ன அநியாயம் என்று தோன்றும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் 5 அவுன்ஸ் கூடுகிறது என்பதுதான் அநியாயம். மூன்றாம் இடத்துக்காரர் 71 ராத்தல் 4 அவுன்ஸ். அவர் மீனை நான்கு தடவையாகப் போட்டார்கள். நான்காம் இடத்துக்காரர் 70 ராத்தல் 14 அவுன்ஸ், இரண்டே தடவை. மூன்றாம் இடத்துக்காரருக்கு 20 அவுன்ஸையும் நான்காம் இடத்துக்காரருக்கு 10 அவுன்ஸையும் கழித்துப் பாருங்கள்: 70 ராத்தல், 70 ராத்தல் 4 அவுன்ஸ். இடம் மாறுகிறது, 70 பவுண்ட் உறையும் மாறுகிறது. ஆனால் அதற்குள் இருவரும் எடைத்தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட எடை இறுதியானது என்பது பொதுவான நடைமுறை. எனவே உங்கள் பெக்குக்குத் தராசு வந்ததும் மீனைக் கொட்டுவதற்கு முன் காலி ஸ்லிங்கைக் காட்டச் சொல்லுங்கள். கையில் பிடித்த தராசை ஒப்புக்கொள்ளாதீர்கள். கை அசைந்தால் எண்ணும் அசையும். எடைத்தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலை அளவும் பலரைக் கவிழ்த்தது. ஒரு கீப்நெட்டுக்கு இத்தனை ராத்தல் என்று வரம்பு வைப்பது மீன் நசுங்காமல் இருக்க; நல்ல விதி. வரம்பைத் தாண்டினால் தாண்டிய எடை கணக்கில் வராது. உணவகச் சுவரில் 60 என்று ஒட்டியிருந்தது. காலையில் கார்களுக்கு நடுவே நின்று ஒருவர் 50 என்று சொன்னது பின்னால் நின்றவர்கள் காதில் விழவில்லை. ஒரே வலையில் 57 ராத்தல் வைத்திருந்தவருக்கு 7 போயிற்று. எந்த எண் சொன்னாலும் அதற்கு எட்டு, பத்து ராத்தல் குறைவாக வைத்து வலையை மாற்றுவதே பாதுகாப்பு. கெண்டையை மனக்கணக்கில் குறைத்து மதிப்பிடுவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். கிளிக்கர் (அழுத்தி எண்ணும் கருவி) ஒவ்வொரு வலைக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரோச், பிரீம் போன்ற வெள்ளி மீன்களுக்குத் தனி வலை வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

இரை விஷயம் சுருக்கமாக: குளத்துக் கடை பெல்லட் (உருண்டைத் தீவன இரை) மட்டுமே போட வேண்டும், கிரவுண்ட்பெயிட் (மீனை இழுக்கும் மாவு இரை) ஃபீடருக்குள் (தூண்டில் நரம்பில் கட்டும் இரைக் கூடு) மட்டும் என்று வந்து சேர்ந்த பிறகு சொன்னார்கள். விதியில் தவறில்லை, எண்ணெய் மிகுந்த பெல்லட் தண்ணீரையும் மீனையும் கெடுக்கும். கொண்டுவந்த 2 மி.மீ., 4 மி.மீ. பெல்லட்டைக் காரில் வைத்துவிட்டுக் கடையில் திரும்ப வாங்க வைத்ததுதான் தவறு.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது 22, 23ஆம் பெக்குகள். பின்னால் மின்கம்பி போகிறது. போல் கார்பன் ஃபைபர். மின்சாரம் அதில் தாராளமாகப் பாயும். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே இடைவெளியைத் தாண்டிப் பாயும். மேலே கம்பி போகும் இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது என்பது இங்கிலாந்தில் தரப்படும் பாதுகாப்பு அறிவுரை. 13 மீட்டர் போலைப் பின்னால் உருட்டும்போது அதன் நுனி எங்கே போகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் முழுக்கத் தக்கையில் இருக்கும். அப்படிப்பட்ட பெக் வந்தால் பெட்டியை இறக்காமலே மாற்றுப் பெக் கேளுங்கள். தர மறுத்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள். 35 பவுண்ட் போனால் போகட்டும்.

"எங்க டிக்கெட்லயே எல்லாம் அடக்கம்" என்று அங்கே சொன்னதையும் நம்ப வேண்டாம். ராட் லைசன்ஸ் (தூண்டில் போட அரசு தரும் உரிமம்) எந்தக் குளத்துக் கட்டணத்திலும் அடங்காது. 13 வயது ஆன எல்லாருக்கும் அது வேண்டும். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனாலும் எடுத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்ட் வரை போகலாம்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் கார்டிலோ வங்கி மூலமோ கட்டுங்கள். குளமே நடத்தும் மேட்ச் என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும்: சேவையை உரிய கவனத்தோடு செய்ய வேண்டும், நீங்கள் நம்பி முடிவெடுக்கும்படி முன்பே சொன்னது அவர்களைக் கட்டுப்படுத்தும். முதலில் மின்னஞ்சலில் கணக்கோடு கேளுங்கள், பிறகு சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை தரும் அமைப்பு). ஆட்சேபத்தை உறை பிரிப்பதற்கு முன்பே, நாலு பேர் முன்னால் சொல்வது அதைவிடப் பலன் தரும்.

இந்த மேட்ச்சில் 22, 23ஆம் பெக்காரர்களுக்கு நுழைவுப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது. 170 பவுண்ட் பற்றியும் மூன்றாம் இடம் பற்றியும் எழுதிக் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. வந்தால் இங்கேயே சேர்க்கிறோம்.