ப்ராக் போகிறவர்கள் கவனத்துக்கு: ஒரே ரூமுக்கு இரண்டு தடவை பணம் கட்டவைத்தார்கள்

ப்ராக்கில் ரூம் போட்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எங்களுக்கு 612 யூரோ போய்விட்டது. வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 63,700 ரூபாய். ஊர் பேர் தெரியாத வெப்சைட்டில் போகவில்லை. எல்லோரும் ரூம் போடுகிற பெரிய புக்கிங் ஆப்பில், அதன் சாட்டுக்குள்ளேயே வந்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

மாலா ஸ்த்ரானா பகுதியில் ஒரு சின்ன ஹோட்டல். சார்லஸ் பாலம் நடக்கிற தூரம், தலைக்கு மேலே ப்ராக் கோட்டை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் வாடகை அதிகமானாலும் பரவாயில்லை என்று அங்கே போட்டேன். பணத்தை ஹோட்டலில் போய்க் கட்டினால் போதும் என்றிருந்தது. ஷெங்கன் விசாவுக்கும் இந்த புக்கிங்கைத்தான் கொடுத்திருந்தோம்.

புக் பண்ணியதுமே, "லிஃப்ட் இருக்கிறதா, அம்மாவால் படி ஏற முடியாது" என்று ஆப்பில் கேட்டேன். இருக்கிறது, கவலை வேண்டாம் என்று ஹோட்டலிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. கிளம்புகிற சமயத்தில் அதே பதிலுக்குக் கீழே, அதே ஹோட்டல் பெயரில் இன்னொரு மெசேஜ். "உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. 12 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் புக்கிங் ரத்தாகிவிடும்." என் பெயர், தேதி, புக்கிங் எண், தொகை, ஒன்றில்கூடத் தப்பில்லை. லிங்க்கைத் திறந்தால் அதே ஹோட்டல் படம், ஆப்பின் அதே நிறம். என் வங்கியிலிருந்து ஓடிபி வந்தது, போட்டேன். "உங்கள் அறை உறுதியானது" என்று வந்தது.

நம் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இது புரியும். விசாவுக்குக் காட்டிய புக்கிங் ரத்தாகும் என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் தெரிந்துதான் 12 மணி நேரம் என்று கெடு வைக்கிறார்கள்.

இரவில் போய் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து 59ஆம் எண் ட்ராலிபஸ், அப்புறம் ஏ லைன் மெட்ரோ, அப்புறம் கல் பாவிய தெருவில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடை. ரிசப்ஷனில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "612 யூரோ. கார்டா, கேஷா?" என்றார். கட்டியாயிற்று என்று மெசேஜைக் காட்டினேன். அவர் தன் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். பணம் எதுவும் வரவில்லை, முழுத்தொகையும் பாக்கி.

அம்மா பெட்டிமேல் உட்கார்ந்தபடி, "காசு கட்டியாச்சுன்னு சொன்னியேப்பா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

அப்போது அந்தப் பெண் வாய்தவறிச் சொன்னது இன்னும் எரிகிறது: "இப்படி வருகிற முதல் ஆள் நீங்கள் இல்லை." அப்படியானால் ஆப்பில் இருக்கும் ஹோட்டலின் கணக்குக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று இவர்களுக்கு முன்பே தெரியும்! ரூம் போட்டவர்களுக்கெல்லாம் ஒரு வரி எழுதிப்போட என்ன கேடு? மறுநாள் மேனேஜரிடம் கேட்டால், அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்கிறார். அந்த நேரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு வேறு எங்கே போவது? இன்னொரு 612 யூரோ கட்டினேன்.

அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் கைகழுவினார்கள். ஹோட்டல், ஆப்பைக் கேளுங்கள் என்றது. ஆப், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஹோட்டலைக் கேளுங்கள் என்றது. பழைய டவுன் சதுக்கத்தில் 1410இலிருந்து இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கவேண்டும் என்று அம்மாவுக்கு எவ்வளவோ நாள் ஆசை. எலும்புக்கூடு மணியடிக்க, ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்துபோனபோது, நான் கஸ்டமர் கேர் லைனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெயில் வந்தது. கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

வங்கி இன்னும் மோசம். ஓடிபி போட்டது நீங்கள்தானே என்ற ஒரே பல்லவி. வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வெளியாளால் நடந்த மோசடியை, பணம் போனதாக வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டால், பணம் எடுத்த குறுஞ்செய்தி வந்தபோதே நீங்கள் சொல்லவில்லையே என்கிறார்கள். ஹோட்டலுக்குத்தான் போகிறது என்று நம்பிய பணத்தை மோசடி என்று அன்றைக்கே எப்படிச் சொல்வது? 63,700 ரூபாய் இவர்களுக்குச் சில்லறையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது சேர்த்துவைத்த காசு.

உருப்படியாக ஒரு காகிதம் கிடைத்தது போலீஸில்தான். யுங்மன் சதுக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனில் வெளிநாட்டுக்காரர்களின் புகாரை வாங்கிக்கொள்கிறார்கள். வங்கியிடம் பேசும்போது அந்தப் புகார் நகல் கையில் இருக்கட்டும்.

இனி போகிறவர்கள் என்னென்ன பார்க்கவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசில்லை. சாட்டுக்குள்ளேயே வந்தாலும் லிங்க்கில் பணம் கட்டாதீர்கள். ஹோட்டல் நம்பரைத் தனியாகத் தேடி, போன் போட்டுக் கேளுங்கள். ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930ஐக் கூப்பிடுங்கள். அங்கே ஏடிஎம்மோ கார்டு மெஷினோ ரூபாயில் கணக்குப் போடவா என்று கேட்டால் வேண்டாம், செக் நாட்டுப் பணமான கொருனாவிலேயே போடச் சொல்லுங்கள். பழைய டவுன் சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றி இறைச்சிக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. எடை கேட்காமல் தட்டை வாங்கினால் மூன்று நான்கு மடங்கு பில் வரும்.

வங்கி எழுத்தில் மறுத்துவிட்டது. வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு மனு எழுதி முடித்துவிட்டேன், நாளை போகிறது. இதே மாதிரி மாட்டி, வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.