இடம் சுருங்கலாம், எழுத்து சுருங்கக் கூடாது: நுண்ணோக்கிப் படங்களை ரீசைஸ் செய்யும் வழிகள்

ஒரே படம் மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வெங்காய வேர் நுனியை நுண்ணோக்கியில் எடுத்த படம், 2048-க்கு 2048 பிக்சல். பிரிந்துகொண்டிருக்கும் 11 செல்களுக்கு ஆளுக்கொரு அம்புக்குறி, அதன் வாலில் பெயர், கீழ் மூலையில் 50 மைக்ரோமீட்டர் நீளத்தைக் காட்டும் கோடு, அதாவது ஸ்கேல் பார். ஆய்விதழில் ஒற்றைப் பத்தி அகலம் 89 மில்லிமீட்டர். ஏ0 சுவரொட்டியில் அதே படம் 400 மில்லிமீட்டர். அப்புறம் ஒரு ஸ்லைடு. மூன்றையும் செய்து முடித்த பிறகு திருத்தம் வந்தது: இரண்டு செல்களின் பெயரை மாற்றுங்கள், படத்தைக் கொஞ்சம் வெட்டுங்கள். மறுபடியும் மூன்று படங்கள்.

அந்த இரண்டாம் சுற்றில்தான் என் முறையை மாற்றினேன். குறிகள் போட்ட படத்தை ரீசைஸ் செய்ய எனக்குத் தெரிந்தவை நான்கு வழிகள்; அதற்கு முன் வெவ்வேறு வேலைகளில் நான்கையும் தொட்டிருக்கிறேன். இப்போது ஒன்றின் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அம்பு, எழுத்து எல்லாவற்றையும் படத்தின் பிக்சலிலேயே பதித்துவிட்டு, மொத்தப் படத்தையும் சுருக்குவது. இதில் ஒரு நல்ல குணம் உண்டு: ஸ்கேல் பார் பொய் சொல்லாது. படம் சுருங்கினால் கோடும் அதே விகிதத்தில் சுருங்கும், 50 மைக்ரோமீட்டர் 50 மைக்ரோமீட்டராகவே இருக்கும். படத்தின் மேல் '400 மடங்கு' என்று எழுதி வைத்திருந்தால் அது முதல் ரீசைஸிலேயே தவறாகிவிடும். உருப்பெருக்கத்தை எழுதாமல் ஸ்கேல் பார் போடச் சொல்வது இதனால்தான். ஆனால் எழுத்தின் கணக்கைப் பாருங்கள். 2048 பிக்சல் படத்தில் 24 பிக்சல் உயர எழுத்து, திரையில் தாராளமாகத் தெரியும். அதை 89 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 3 பாயிண்ட். நேச்சர் இதழ் படங்களில் கேட்பது 5 முதல் 7 பாயிண்ட். 7 பாயிண்ட் வர வேண்டுமென்றால் முதலிலேயே சுமார் 57 பிக்சலில் எழுதியிருக்க வேண்டும். எதிர்த் திசையில் போனால், இதழுக்காக 7 பாயிண்டில் பதித்த படத்தைச் சுவரொட்டிக்குப் பெரிதாக்கும்போது எழுத்து 31 பாயிண்ட் ஆகும், ஓரமெல்லாம் மங்கியிருக்கும், மெல்லிய அம்பு உலக்கை மாதிரி தடித்து அது காட்டும் செல்லையே மறைக்கும். பெயர் மாற்றச் சொன்னால் வழியே இல்லை. பதித்த பிக்சலுக்கு அடியில் இருந்தது போனது போனதுதான்.

இந்த வேலையின் முடிச்சு முழுக்க அங்கேதான் இருக்கிறது. ரீசைஸ் செய்யும்போது குறியின் எல்லாப் பகுதிகளும் ஒரே மாதிரி மாறக் கூடாது. அம்பின் முனை படத்தோடு நகர வேண்டும், ஏனென்றால் அது செல்லுக்குச் சொந்தம். அம்பின் தடிமனும் எழுத்தின் உயரமும் நகரக் கூடாது, ஏனென்றால் அவை தாளுக்கும் படிப்பவரின் கண்ணுக்கும் சொந்தம். ஸ்கேல் பார் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: நீளம் படத்துக்கு, தடிமன் தாளுக்கு. நான்கு வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். இது எதை நகர்த்துகிறது, எதை நிறுத்துகிறது? அடுத்த முறை அளவு மாறும்போது நான் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்?

இரண்டாம் வழி ஃபிஜி. நுண்ணோக்கிப் படங்களை அளக்கும் இந்த மென்பொருள் நம்மில் பலருக்கு அன்றாடக் கருவி. 1997-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் தொடங்கிய இமேஜ்ஜேயை எடுத்து, பிளகின்களைச் சேர்த்துக் கட்டியதுதான் அது. அதில் குறிகளை ஓவர்லேயாக, அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக, போடலாம். ஓவர்லே பிக்சலைத் தொடாது. டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஓவர்லே கோப்புக்குள்ளேயே தங்கும்; இன்னொரு நாள் திறந்து ஓர் அம்பை மட்டும் நகர்த்தலாம். அதைவிடப் பெரிய பலம், ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்பதை ஃபிஜி நினைவில் வைத்திருப்பது. என் படத்தில் கேமராவின் பிக்சல் 6.5 மைக்ரோமீட்டர், லென்ஸ் 40 மடங்கு, ஆகவே ஒரு பிக்சல் 0.1625 மைக்ரோமீட்டர். படத்தை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்குப்படி 1051 பிக்சலாகச் சுருக்கினால் அந்த எண் தானாகவே 0.317 ஆகிவிடும். ஸ்கேல் பாரைப் புதிதாகப் போடச் சொன்னால் 308 பிக்சலுக்குப் பதில் 158 பிக்சலில் சரியாக வரையும். சாதாரணப் படத்தொகுப்பு மென்பொருளில் சுருக்கிச் சேமித்தால் இந்த எண் பெரும்பாலும் காணாமல் போகும், அல்லது பழைய எண்ணே ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாவது இன்னும் ஆபத்து: கோப்பு ஓர் அளவைச் சொல்லும், ஆனால் தவறாகச் சொல்லும்.

குறை எங்கே என்றால், ஃபிஜியில் எழுத்தும் கோடும் பிக்சல் கணக்கில்தான் இருக்கின்றன. தாளில் எத்தனை பாயிண்ட் வரும் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வோர் அளவுக்கும் நானே பெருக்கி வகுத்து எழுத்து அளவைக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஃபிளாட்டன் கொடுத்து குறிகளைப் பிக்சலில் பதித்ததும் அந்தப் பிரதி ஆர்ஜிபி வண்ணப் படம் ஆகிவிடும், 16 பிட் அளவீட்டு எண்கள் அதில் இருக்காது. பிரதிதானே, பரவாயில்லை, ஆனால் மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிடாமல் இருக்க விழிப்பு வேண்டும்.

மூன்றாம் வழி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள். அதை நான் நீண்ட காலம் விரும்பிப் பயன்படுத்தினேன். படத்தை இணைப்பாக வைத்து, மேலே வெக்டார் அடுக்கில், அதாவது பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாக, அம்பும் பெயரும். எந்த அளவில் அச்சிட்டாலும் கோடு கூர்மை. படத்தைத் திருத்தி அதே பெயரில் சேமித்தால் குறிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணால் பார்த்துக்கொண்டே, அம்பு செல் சுவரை வெட்டாமல் ஒதுக்கி வைக்கும் சுகம் வேறெதிலும் கிடைக்காது. ஒரே ஒரு படம், ஒரே ஒரு அளவு, அது இனி மாறாது என்றால் இன்றும் இதையே சொல்வேன்.

மாறினால்? தேர்வுக் கருவியின் பட்டையில் ஒரு பொத்தான் இருக்கிறது: பொருளைச் சுருக்கும்போது கோட்டின் தடிமனும் சுருங்க வேண்டுமா என்பதற்கு. அதை அணைத்துவிட்டால் அம்புகள் தப்பிக்கும். எழுத்து தப்பிக்காது. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துப் பாதியாக்கினால் 7 பாயிண்ட் எழுத்து 3.5 ஆகிவிடும். பதினொரு பெயரையும் மறுபடி 7 ஆக்கினால் அவை அம்பின் வாலிலிருந்து விலகி ஒன்றன் மேல் ஒன்று ஏறும். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். என் முதல் சுற்றில் ஒரு மாலை முழுவதும் இதற்கே போனது. இதற்கிடையில் கோப்புறையை இடம் மாற்றினால் படத்தின் இணைப்பு அறுந்துவிடும். நீண்ட நாள் கோப்புகளில் இன்னொன்றும் உண்டு: 2017-இல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்த கணக்கு 96 ஆனது. அதற்கு முந்தைய கோப்பைத் திறக்கும்போது கேட்கப்படும் கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லாவிட்டால் பக்க அளவே மாறிவிடும்.

சரி, நான் இப்போது செய்வது என்ன? குறிகளைப் படத்தின் மேல் வைப்பதையே நிறுத்திவிட்டேன். அவற்றை ஓர் அட்டவணையில் வைக்கிறேன், அதுவும் பிக்சலில் அல்ல, மைக்ரோமீட்டரில். ஃபிஜியில் மல்டிபாயிண்ட் கருவியால் 11 செல்களையும் தொட்டு மெஷர் கொடுத்தால், அளவு பதிந்த படத்தில் எக்ஸ், ஒய் இரண்டும் மைக்ரோமீட்டரிலேயே வரும். அதை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து, பக்கத்துப் பத்தியில் பெயரை எழுதிவிடுகிறேன். 'மெட்டாஃபேஸ், 141.2, 88.7' என்கிற மாதிரி ஒரு வரி. படம் 2048 பிக்சலாக இருந்தாலும் 1051 ஆனாலும் அந்தச் செல் அங்கேதான் இருக்கிறது. ரீசைஸ் அந்த வரியைத் தொடவே தொடாது.

வரைவதற்கு பைத்தான் நிரல்மொழியின் மேட்பிளாட்லிப் நூலகம், அதற்கு ஒரு சிறிய ஸ்கிரிப்ட். இதைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், மேலே சொன்ன பிரிவினை அதன் அடிப்படையிலேயே இருப்பது. தரவின் ஆயத்தொலைவு வேறு, தாளின் பாயிண்ட் வேறு. அம்பின் முனையைத் தரவு ஆயத்தொலைவில் கொடுக்கலாம், வாலை முனையிலிருந்து 20 பாயிண்ட் தள்ளி என்று கொடுக்கலாம். எழுத்து 7 பாயிண்ட் என்றால் தாள் எந்த அளவானாலும் 7 பாயிண்ட்தான். ஸ்கேல் பார் 50 அலகு நீளக் கோடு, 2 பாயிண்ட் தடிமன். நீளம் படத்தோடு போகும், தடிமன் தாளோடு நிற்கும். இதழுக்கு அகலம் 89, எழுத்து 7. சுவரொட்டிக்கு அகலம் 400, எழுத்து 24. மாற்றுவது இந்த இரண்டு எண்களை மட்டும். திருத்தம் வந்தபோது அட்டவணையில் இரண்டு பெயரை மாற்றினேன், மறுபடி ஓட்டினேன், மூன்று கோப்புகளும் வந்துவிட்டன. வெட்டும் வேலையும் அச்சின் எல்லையை மாற்றுவதுதான், குறிகள் கலையவில்லை. இன்னொரு பயனும் உண்டு: சுவரொட்டிக்காகப் படத்தின் பிக்சலைப் பெருக்க வேண்டியதில்லை. 400 மில்லிமீட்டரில் 2048 பிக்சல் என்றால் சுமார் 130 டிபிஐ, தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்குப் போதும். எழுத்து வெக்டாராக இருப்பதால் அது மட்டும் முழுக் கூர்மையுடன் அச்சாகும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இமேஜ்ஜேயில் முழு எண் பிக்சலின் இடது மேல் மூலையைக் குறிக்கும். மேட்பிளாட்லிப்பின் இம்ஷோ, அதாவது படம் வரையும் கட்டளை, தானாக வரையும்போது முழு எண் பிக்சலின் நடுவைக் குறிக்கும், அதனால் படம் 0-இல் அல்ல, மைனஸ் 0.5-இல் தொடங்கும். அரைப் பிக்சல் வித்தியாசம். செல்லைக் காட்டும் அம்புக்கு இது ஒன்றுமில்லை. மூன்று பிக்சல் அகலப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடும்போது கண்ணில் படும், நான்கு மடங்கு பெரிதாக்கினால் இரண்டு பிக்சல் விலகித் தெரியும். எக்ஸ்டென்ட் என்ற இடத்தில் 0, 332.8, 332.8, 0 என்று படத்தின் உண்மையான பரப்பைக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஒய் மேலிருந்து கீழே எண்ணப்படுவதும் அதிலேயே சரியாகிவிடும்.

செல்களின் எல்லையைப் படமாகவே, அதாவது ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் எண் கொடுத்த மாஸ்க்காக வைத்திருப்பவர்களுக்கு இது வேறு வகைச் சிக்கல். அந்த மாஸ்க்கைப் படத்தைச் சுருக்குவது போல, பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து கணக்கிடும் பைலீனியரில் சுருக்கக் கூடாது. 3-ஆம் செல்லும் 7-ஆம் செல்லும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் சராசரி எடுத்தால் 5 வரும். 5 வேறெங்கோ இருக்கும் இன்னொரு செல். ஒருமுறை இப்படிச் செய்து, செல்களின் பரப்பளவுக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று தேடித்தேடித்தான் கண்டுபிடித்தேன். மாஸ்க்குக்கு, அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் மட்டுமே. அதிலும் ஒரு பிக்சல் அகலச் சுவர்கள் பாதியாக்கும்போது அங்கங்கே அறுந்துபோகும். எல்லையைப் பலகோணமாக வைத்திருந்தால், புதிய அளவில் மறுபடி நிரப்பிக்கொள்வது நல்லது. மூலப் படத்துக்கோ, அக்கம்பக்கப் பிக்சல்களைக் கலக்கும் இன்னொரு முறையான பைகியூபிக், அதோடு சுருக்கும்போது சராசரி எடுக்கும் தேர்வையும் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நுண்ணிய கோடுகளில் இல்லாத அலைகள் தோன்றும். படத்துக்கும் மாஸ்க்குக்கும் ஒரே முறையைக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

படத்தில் பொருள்களைக் கண்டறியக் கணினிக்குக் கற்றுத்தரும் பயிற்சித் தரவு தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பொருள்களைச் சுற்றிப் போட்ட பெட்டிகளைச் சேமிக்க யோலோ, கோகோ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. யோலோ வடிவக் கோப்பில் பெட்டிகளின் இடம் 0 முதல் 1 வரையான பின்னமாக இருக்கிறது, ஆகவே படத்தை ரீசைஸ் செய்தால் எதையும் மாற்ற வேண்டாம். கோகோ வடிவத்தில் பிக்சல் எண் இருப்பதால் அதே விகிதத்தில் பெருக்கியாக வேண்டும். ஓரங்களில் கறுப்புப் பட்டை சேர்த்துச் சதுரமாக்கினால் இரண்டிலுமே கணக்கு மாறும்.

முழு ஸ்லைடு ஸ்கேன்களில் என் அனுபவம் குறைவு. அவற்றுக்கான குயுபாத் மென்பொருளில் சில படங்களைத்தான் செய்திருக்கிறேன். அது குறிகளை முழு அளவுப் படத்தின் ஆயத்தொலைவிலேயே வைத்து, எந்தச் சுருக்கத்தில் பார்த்தாலும் பொருத்திக் காட்டுகிறது. குறிகளை ஜியோஜேசன் என்ற ஆயத்தொலைவுக் கோப்பாக வெளியே எடுக்கவும் முடிகிறது. என் அட்டவணை முறையோடு ஒத்துப்போகும் அமைப்பு என்பதால் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான ஸ்லைடுகளை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. முப்பரிமாண அடுக்குகளைப் பற்றியும் அப்படியே.

என் தேர்வுக்கு உள்ள குறைகள் மூன்று. ஸ்கிரிப்டை முதல் முறை எழுதப் பாதி நாள் ஆகும். ஒரே படத்துக்கு அது கட்டுப்படியாகாது. பெயர்கள் நெருக்கமாக இருந்தால் கண்ணால் பார்த்து ஒதுக்கும் வசதியும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எந்தத் திசையில் தள்ளுவது என்று அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

மூன்றாவது குறை தமிழில் பெயர் போடும்போது வரும். நான் வைத்திருக்கும் மேட்பிளாட்லிப் பதிப்பு எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடும். 'செல்' என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்கு இப்படிச் செய்கிறேன்: எழுத்தை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே வை என்று அமைத்து எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பாகச் சேமிக்கிறேன், எழுத்துருவின் இடத்தில் ஒரு தமிழ் எழுத்துருவின் பெயர். அந்தக் கோப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. எதையும் நகர்த்தாமல், எந்த அளவையும் மாற்றாமல், அங்கிருந்து பிடிஎஃப்.